எங்க மில்லுல அப்படி வராது

உக்காருங்க தம்பி. பஸ்ஸு நாலே முக்காலுக்குத்தான். அதுவும் மணப்பாறையில ஆளு ஏறினாத்தான் கெளம்பும். அதுவரைக்கும் இந்த டீக்கடை பெஞ்சை விட்டா உங்களுக்கும் போக்கிடம் இல்ல, எனக்கும் இல்ல. மில் ஆபரேட்டர் வீரபத்திரன் யாருன்னு விசாரிச்சு வந்தீங்க, பாத்துட்டீங்க. இப்ப நான் ஆபரேட்டர் இல்ல, அது வேற கதை. அதையும் சொல்றேன்.

சங்ககிரிப் பக்கம்னீங்கள்ல? அங்கயும் சுண்ணாம்புக்கல்லு மாவுதானா? ஆமா, கோழித்தீவனத்துக்கும் பெயிண்டுக்கும் அதுதானே போகுது. உங்க கம்பெனியிலயும் கம்ப்யூட்டரு வெச்சு மில்லை ஆட்டோல ஓட்டப்போறீங்க. அதுக்கு முன்னாடி, கையால ஓட்டின ஆளுங்க எப்படி ஓட்டினாங்கன்னு ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதிக்கணும். தெரியும் தம்பி. எனக்கு அது தெரியாதா? இந்தக் கேள்வியெல்லாம் எங்கிட்ட ஏற்கெனவே ஒருத்தர் கேட்டாச்சு.

எதிர்ல கேக்குதா? ரோட்டுக்கு அந்தாண்ட. அதுதான் எங்க மில்லு. கேளுங்க நல்லா. ஒரே சத்தம். காலையில ஆறு மணிக்குக் கேட்டாலும் இதே சத்தம், சாயங்காலம் கேட்டாலும் இதே சத்தம். ஏறாது, இறங்காது. நாங்க ஓட்டினப்ப அப்படி இருக்காது. இந்த பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே, உள்ள பேனல்ல யாரு உக்காந்திருக்கான்னு சொல்லிருவேன். மருதை ஓட்டினா ஒரு மாதிரி கேக்கும், நான் ஓட்டினா ஒரு மாதிரி. நாலு ஆபரேட்டரு, நாலு சத்தம்.

மருதைன்னா மருதமுத்து. என் சேக்காளி. இருபத்திரெண்டு வருஷம் ஒண்ணா வேலை பாத்தோம். அவன் ஷிஃப்ட்டு முடிஞ்சு எந்திரிக்கிற நாற்காலியில நான் உக்காருவேன், நாற்காலி சூடா இருக்கும். அவ்வளவு நெருக்கம். இப்பவும் தினம் சாயங்காலம் ஆனா அவன் வீட்டுக்குப் போயிருவேன், ஒரு நாள் தவறினது இல்ல. அவனும் பாவம், நான் போற நேரத்துக்கு அசந்து போயி சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துருவான். நான் பாட்டுக்கு ஊர்க்கதை எல்லாம் சொல்லிட்டு வருவேன்.

அவனை அந்தக் கம்ப்யூட்டருதான் இப்படிப் பண்ணிப்போட்டுச்சு. அதை மொதல்ல எழுதிக்கோங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

போன வருஷம் ஆவணியில ஒரு பொண்ணு வந்துச்சு. பிருந்தான்னு பேரு. கோயம்புத்தூரு. ஆட்டோ சிஸ்டம் போடற கம்பெனியில இன்ஜினியரு. இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு இருக்கும். வந்த அன்னிக்கே முடியை ஒரு துண்டை வெச்சுக் கட்டிக்கிட்டு மாவுக்குள்ள இறங்கிருச்சு. எங்க மேனேஜர் அஞ்சு வருஷமா அந்த மில்லுக்கிட்ட வந்ததில்ல, சட்டை வெள்ளையாயிரும்னு. இந்தப் பொண்ணு சாயங்காலம் ஆனா கண்ணு ரெண்டு மட்டும்தான் தெரியும். மூணு மாசம், ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டா எங்க பக்கத்துலயே உக்காந்துச்சு. "அண்ணே, இப்ப ஏன் கல்லைக் கொறைச்சீங்க? இப்ப ஏன் கூட்டினீங்க?" நொடிக்கொரு கேள்வி. சொன்னதையெல்லாம் லேப்டாப்புல அடிச்சுக்கும். அடிச்சு முடிச்சதும் கீழ "சொன்னவர்"னு போட்டு எங்க பேரையும் எழுதும். சொன்னவர் வீரபத்திரன். சொன்னவர் மருதமுத்து. "உங்க பேரு மெஷினுக்குள்ளயே இருக்கும்ணே"ங்கும்.

பொய் சொல்லக் கூடாது, எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. என் பேரை யாரு தம்பி எங்க எழுதினாங்க, ரேஷன் கார்டைத் தவிர?

ஆனா நாலு ஆளு பாக்கற வேலையை ஒரு மெஷினு பாத்தா, நாலு ஆளு என்ன பண்றது? மேனேஜரைக் கேட்டா "யாரையும் அனுப்ப மாட்டோம் வீரபத்திரன்"னாரு. கேக்கறவன் கேனையனா இருந்தா என்ன வேணா சொல்லலாம். மத்த மூணு பேரும் என் மூஞ்சியைப் பாத்தாங்க. நான்தான் மூத்தவன். நான்தானே ஒரு வழி பண்ணணும்?

உங்களுக்குப் புரியற மாதிரி ஒண்ணு சொல்றேன். நீங்க படிச்சவரு, தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் கேளுங்க. மில்லுன்னா என்ன? படுக்க வெச்ச பெரிய இரும்பு உருளை. உள்ள இரும்புக் குண்டு டன் கணக்குல கெடக்கும். உருளை சுத்தறப்ப குண்டு மேல ஏறி ஏறி விழும், நடுவுல மாட்டின கல்லு மாவாகும். கல்லு கம்மியாப் போச்சுன்னா மோட்டாரு லோடு இறங்கும். உடனே கல்லைக் கூட்டினா லோடு ஏறும். இது பச்சைப் புள்ளைக்கும் தெரியும். ஆனா அளவுக்கு மேல கல்லு போயிருச்சுன்னு வெச்சுக்கோங்க. குண்டு பொரள எடம் இல்ல. எல்லாம் ஒட்டிக்கிட்டு ஒரே மூட்டையா சுத்தும். அப்பவும் லோடு இறங்கும். மீட்டரு முள்ளைப் பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். பசியில அழற புள்ளையும் அஜீரணத்துல அழற புள்ளையும் ஒரே மாதிரிதானே அழுவும். மொத இறக்கத்துக்குக் கல்லு போடணும், ரெண்டாவது இறக்கத்துக்கு கல்லை நிறுத்தணும். மாத்திப் போட்டா போச்சு.

எப்படிக் கண்டுபிடிக்கறது? காதுதான். கல்லு கம்மின்னா குண்டோட குண்டு மோதி கணீர்னு கேக்கும். கல்லு நெறைஞ்சுட்டா சத்தம் அமுங்கிரும். தலகாணியை வெச்சு அமுக்கின மாதிரி. எங்க கம்ப்யூட்டருக்குக் காது கிடையாது. மைக்கு அடுத்த வருஷம் வெச்சுக்கலாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு. அதுக்குத் தெரிஞ்சது லோடு ஒண்ணுதான்.

இப்பப் புரியுதா, எது எங்க கையில இருந்துச்சுன்னு?

என்ன கேட்டீங்க? அடிபட்ட அன்னிக்கு மருதை ஏன் ஆட்டோவை நிறுத்தற மேனுவல் பட்டனைத் தட்டலையா? அதுக்கு வர்றேன். டீ ஆறுது, குடிங்க.

ஆயுத பூஜை வந்துச்சு. வருஷத்துல அன்னிக்கு ஒரு நாள்தான் எங்க மில்லை நாங்களா நிறுத்துவோம். கழுவி விட்டு, உருளை மேல சந்தனம் பூசி, குங்குமம் வெச்சு, வாழை கட்டி, பூசணிக்காய் உடைச்சு, பொரி கடலை குடுத்துட்டு ஆபீஸ்காரங்க போயிட்டாங்க. நாங்க நாலு பேருதான். நான் தட்டுல ஒரு கட்டி கற்பூரத்தைப் போட்டுக் கொளுத்தினேன். "இங்க பாருங்கப்பா, நமக்குச் சோறு போட்டது இந்த மில்லு. அதுக்கு முன்னாடி நின்னு சொல்லுங்க. ரெண்டு விஷயம். ஒண்ணு, கல்லு கூடினாலும் லோடு இறங்கும்ங்கறதை யாரும் அந்தப் பொண்ணுகிட்ட வாயைத் தொறக்கக் கூடாது. ரெண்டாவது, ஆட்டோல ஓட ஆரம்பிச்சப்புறம் என்ன ஆனாலும் சரி, மேனுவல் பட்டன்ல யாரும் கை வெக்கக் கூடாது. அதுவா ஓடட்டும், அதுவா அடைச்சுக்கிட்டு நிக்கட்டும். ரெண்டு தடவை அடைச்சா அவங்களே பொட்டியைக் கட்டிக்கிட்டுப் போயிருவாங்க"ன்னேன்.

தப்பா அது? சொல்லுங்க. மில்லு அடைச்சா என்ன ஆகும்? அரை நாள் நிக்கும். நாலு பேரு உள்ள இறங்கி அள்ளணும். அவ்வளவுதானே. இருபத்திரெண்டு வருஷத்துல எத்தனை தடவை அடைச்சிருக்கு, யாருக்கு என்ன ஆச்சு?

மத்த ரெண்டு பேரும் டக்குனு கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டாங்க. மருதை மட்டும் நின்னான். "வீரா, அந்தப் பொண்ணு நம்மளை நம்பித்தானடா கேக்குது"ன்னான். "உன் பொண்ணு காலேஜுக்கு அது ஃபீஸு கட்டுமா?"ன்னு கேட்டேன். அப்புறம் கையை நீட்டி அணைச்சான். மெதுவா அணைச்சதுல உள்ளங்கை சுட்டுருச்சு. ஊதிக்கிட்டே போனான். அவன் அப்படித்தான். ஒரு விஷயத்தைச் செய்ய ஆயிரம் யோசிப்பான், செஞ்சுட்டா அதுலயே நிப்பான்.

அதுக்கு மறுவாரம் அந்தப் பொண்ணு எங்கிட்ட நேராவே கேட்டுச்சு. "அண்ணே, கல்லு ரொம்பச் சேந்துட்டா லோடு ஏறாம இறங்குமா? உங்க மில்லுல அப்படி வருமா?" இந்தப் பொண்ணுக்கு எப்படி இது தெரியும்? யாரு சொல்லியிருப்பான்? மருதையைத்தான் நெனைச்சேன். மூஞ்சியில காட்டிக்கலை. "எங்க மில்லுல அப்படி வராதும்மா. இது பழைய மில்லு, இதோட கணக்கே தனி"ன்னேன். "நல்லாத் தெரியுமாண்ணே?"ன்னுச்சு. "இருபத்திரெண்டு வருஷமா இதோட குடும்பம் நடத்தறேன்"னேன். சிரிச்சுக்கிட்டே அடிச்சுக்கிச்சு. கீழ பேரும் போட்டுச்சு.

அன்னிக்கே மருதையைக் கூப்பிட்டுக் கத்தினேன். "நீதானடா சொன்னே, கற்பூரம் அணைச்ச கையில." அவன் "நான் சொல்லலை வீரா"ன்னான். நான் நம்பலை. பத்து நாள் பேசலை அவன்கூட. நாற்காலி மாத்தறப்பகூட மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் உக்காந்தேன்.

தீபாவளி கழிஞ்சு ஆட்டோல போட்டாங்க. சும்மா சொல்லக் கூடாது, மூணு வாரம் அது நல்லாத்தான் ஓட்டுச்சு. எங்களை விட நல்லாவே ஓட்டுச்சு. நாங்க பேனல் முன்னாடி கோயில் தேங்கா மூடிக்குக் காத்திருக்கறவன் மாதிரி கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம். மேனேஜர் வந்து ஸ்க்ரீனைப் பாத்துட்டுப் போவாரு, எங்களைப் பாக்க மாட்டாரு.

கார்த்திகை மாசம், ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள் மழை. கல்லு ஈரம். மருதைக்குக் காலை ஷிஃப்ட்டு, ரெண்டு மணிக்கு நான் மாத்தணும். ஒண்ணே காலுக்கே வந்துட்டேன், இதே பெஞ்சுலதான் உக்காந்தேன். டீ சொன்னேன். டீ வந்துச்சு. வாயில வெக்கறேன், சத்தம் மாறுது.

அமுங்குது தம்பி. கொஞ்சம் கொஞ்சமா. இங்க கேக்குது எனக்கு.

அவனுக்கு உள்ள கேக்காதா? கேட்டிருக்கும். அவன் காது என் காதை விடக் கூரு. ஈரக்கல்லு ஒட்டி உள்ள நெறைஞ்சு போச்சு, லோடு இறங்குது. அந்தக் கூறுகெட்ட கம்ப்யூட்டரு என்ன பண்ணுது? லோடு இறங்குதே, பசிக்குதுபோலன்னு கல்லைக் கூட்டுது. கூட்டக் கூட்ட இன்னும் இறங்குது. இன்னும் கூட்டுது. அப்புறம் பாத்த பதிவுல இருந்துச்சு, பதினஞ்சு நிமிஷத்துல ரெண்டு பங்கு ஆக்கிருச்சாம்.

நான் என்ன பண்ணினேனா? டீ குடிச்சேன். சொல்றதுக்கு என்ன? சந்தோஷமா இருந்துச்சு. மூணு வாரமா எறங்காத சோறு அன்னிக்கு எறங்கும்போல இருந்துச்சு. இன்னையோட உடைஞ்சுது இவனுங்க மூக்குன்னு நெனைச்சேன். கடைக்காரரு சாட்சி, ஒரு வடையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

எந்திரிச்சுப் போயிருந்தா மூணு நிமிஷம். ரோட்டைத் தாண்டினா கேட்டு, கேட்டைத் தாண்டினா பேனலு. ஆனா ஏன் போகணும்? போயி என்ன பண்ண, பட்டனைத் தட்டவா? நானே போட்ட சத்தியம்.

பட்டன் அவனுக்குக் கைக்கு எட்டற தூரம்தான் தம்பி. பச்சைக் கலரு, எட்டணா காசு அகலம். எட்டிக்கூட தட்ட வேண்டாம், உக்காந்த எடத்துலேயே கையை நீட்டினாப் போதும். அவன் தட்டலை. நாற்காலியை விட்டு எந்திரிச்சிருக்கான். கல்லு உள்ள இறங்கற வாய் அடைச்சுக்கிட்டு, பெல்ட்டுல வர்ற கல்லு வெளியில கொட்ட ஆரம்பிச்சிருக்கு. மில்லு பாழாப் போறதைப் பாத்துக்கிட்டு அவனால உக்கார முடியலை. பட்டனையும் தொடக் கூடாது. யோசிச்சிருக்கான். சத்தியம் பட்டனுக்குத்தானே, கடப்பாறைக்கு இல்லையேன்னு.

கடப்பாறையைத் தூக்கிக்கிட்டு மேல ஏறிட்டான். பதினாறு அடி. பெல்ட்டு ஓடுது, மில்லு சுத்துது, இவன் அடைச்ச வாயில குத்தறான். அடைச்சது பொலபொலன்னு உதிரும்னு நெனைச்சிருப்பான். மொத்தமா இறங்கிருச்சு. கடப்பாறையை இழுத்துருச்சு, கடப்பாறை அவனைத் தூக்கி எறிஞ்சிருச்சு. கீழ சிமெண்ட்டுத் தரை.

ஆமா. சத்தியத்தையும் காப்பாத்தணும், மில்லையும் காப்பாத்தணும்னு ஏறினான். கேணப்பய.

நான் போறப்ப அவன் கண்ணு முழிச்சுத்தான் கெடந்தான். மூஞ்சியெல்லாம் மாவு. என்னைப் பாத்து, "தட்டலைடா வீரா"ன்னான். அதுதான் எங்கிட்ட அவன் கடைசியாப் பேசினது.

விசாரணை வெச்சாங்க. நாலு ஆபீஸருங்க. "ஆட்டோவை நிறுத்தாம ஏன் மேல ஏறினாரு?" அதுதான் எல்லாருக்கும் ஒரே கேள்வி. ஆஸ்பத்திரிக் கட்டில்ல போயி அவனையே கேட்டாங்க. "தோணலை சார்"ன்னு சொல்லியிருக்கான். ஒரே வார்த்தை. என்னைக் கேட்டாங்க. நான் என்ன சொல்றது? சத்தியத்தைச் சொன்னா நாலு பேரு வேலையும் போகும். அவனுக்குத்தான் ஆனது ஆயிப்போச்சு, மிச்ச மூணு குடும்பமாவது பொழைக்கட்டும்னு "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க"ன்னுட்டேன். ஆபரேட்டரோட கவனக்குறைவுன்னு எழுதி மூடிட்டாங்க. பொழைக்கட்டும்னு நெனைச்ச எங்க மூணு பேரையும் சித்திரையில அனுப்பிட்டாங்க. அது அவங்க குணம்.

அந்தப் பொண்ணு வந்துச்சு. விழுந்த எடத்தைப் போயிப் பாத்துச்சு. அப்புறம் எங்கிட்ட வந்து லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுச்சு. "அண்ணே, கல்லு கூடினா லோடு இறங்கும்னு காலேஜ்ல எங்க பாடப் புத்தகத்துலேயே இருக்குண்ணே. நான் அதுக்கு ஒரு விதி எழுதித்தான் வெச்சிருந்தேன். லோடு இறங்கறப்ப கல்லைக் கூட்டியும் ஏறலைன்னா உடனே நிறுத்துன்னு. உங்க மில்லுல அப்படி வராதுன்னு நீங்க சொன்னதாலதான் எடுத்தேன். புத்தகத்தை விட நீங்க சொன்னதைத்தான் நம்பினேன்"னு சொல்லுச்சு.

புத்தகத்துலேயே இருக்காம் தம்பி.

அப்ப மருதை சொல்லலை. யாரும் சொல்லலை. யாரும் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. நாங்க கற்பூரம் கொளுத்திப் பூட்டி வெச்ச ரகசியம், படிக்கற புள்ளைங்க பரிட்சையில எழுதறது.

லேப்டாப்புல அந்த எடத்துல என் பேருதான் இருந்துச்சு. "எங்க மில்லுல அப்படி வராது. சொன்னவர் வீரபத்திரன்." "உங்களுக்குத் தெரியாதாண்ணே?"ன்னு அழுதுச்சு. "தெரியாதும்மா"ன்னேன். வேற என்ன சொல்றது? பத்து நிமிஷத்துல எடுத்த விதியைத் திருப்பிப் போட்டுட்டுப் போயிருச்சு. அன்னையிலேர்ந்து இதோ, இந்த ஒரே சத்தம்தான். ஒரு தடவை அடைக்கலை. இந்த பெஞ்சுல தினமும் உக்காந்து கேக்கறேன், ஒரே ஒரு தடவை அமுங்காதான்னு. அமுங்காது. இனி அமுங்காது.

எல்லாத்துக்கும் அந்தக் கம்ப்யூட்டருதான் காரணம். மைக்கு வெச்சிருந்தா இப்படி ஆயிருக்குமா? மேனேஜரு காசு பாத்தாரு. அந்தப் பொண்ணும்தான், புத்தகத்துல இருக்குன்னா எதுக்கு எங்கிட்ட கேட்டுச்சு? கேக்காம விட்டிருந்தா நான் சொல்லியிருக்கப் போறதில்லையே. இல்லீங்களா?



சரி, என்னமோ கேக்கணும்னீங்களே, கேளுங்க. பஸ்ஸு வர்ற நேரம் ஆச்சு. நோட்டைத் தொறந்தாச்சா? ம்.

கல்லு ரொம்பச் சேந்துட்டா லோடு இறங்குமான்னா? அதே மாதிரி கேக்கறீங்க. அதே வார்த்தை. உங்களுக்குத்தான் புத்தகத்துல இருக்கே, எங்கிட்ட எதுக்கு?

இறங்கும் தம்பி. எழுதிக்கோங்க. எங்க மில்லுல வரும். உங்க மில்லுலயும் வரும். உங்க ஆளுங்க வராதுன்னு சொன்னா நம்பாதீங்க, எத்தனை வருஷம் ஓட்டினவனா இருந்தாலும் சரி.

சொன்னவர் பேரா? நீங்களும் போடுவீங்களா? மருதமுத்துன்னு போடுங்க. என் பேரு ஒரு தடவை இருந்தது போதும். அவன்தான் அன்னிக்குச் சொல்லலாம்னு நின்னான். நான்தான் அவன் கையைக் கற்பூரத்துல வெச்சேன்.

பேரு போடலாமான்னு மருதையை ஒரு வார்த்தை கேக்கணும்னா கேளுங்க. அடுத்த பஸ்ஸுல போகலாம். ரெண்டாவது தெரு, பச்சை கேட்டு. நீங்க போங்க, நான் வரலை. இப்ப நான் வந்தா அவன் பேச மாட்டான். என் செருப்புச் சத்தம் வாசல்ல கேட்டாலே போதும், சுவத்துப் பக்கம் திரும்பிருவான்.

எப்படித் திரும்புவாரா? ஆமா, கழுத்துக்குக் கீழ அவனுக்கு ஒண்ணும் அசையாது. அவனாத் திரும்ப முடியாது. அஞ்சலைன்னு பொண்டாட்டியைக் கூப்பிடுவான். அது அடுப்பை அணைச்சுட்டு வந்து, தோளுக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை குடுத்து அவனைப் பொரட்டி விட்டுட்டு, எனக்கு உக்கார ஒரு ஸ்டூலைப் போட்டுட்டுப் போகும்.